50 பேரோடு வெளிநாட்டில் எளிமையாகக் கல்யாணம்: பினாங்கா, பாலியா, பென்தோட்டையா?

கோவைக்காரி:

வணக்கம். நிச்சயம் முடிந்துவிட்டது, தேதி இன்னும் குறிக்கவில்லை, வருகிற தை என்று மட்டும் பேச்சு. நான் கோவை. அவர் சிங்கப்பூரில் வேலை, சொந்த ஊர் ஈரோடு பக்கம். இரண்டு வீட்டிலும் இதுதான் முதல் கல்யாணம் என்பதால் ஊரில் வைத்தால் பத்திரிகை ஆயிரத்தைந்நூறுக்குக் குறையாது. நாங்கள் மேடையில் நாலு மணி நேரம் நின்று, யார் என்றே தெரியாதவர்களோடு ஃபோட்டோவுக்குச் சிரித்து, எல்லோரும் போன பிறகு கடைசிப் பந்தியில் ஆறிப்போன சாம்பாரைச் சாப்பிட வேண்டியதுதான். இரண்டு பேருக்குமே அது வேண்டாம்.

ஆசை சின்னதுதான். ஐம்பது பேர், மூன்று நாள், எல்லோரும் ஒரே இடத்தில் தங்கல், கடலோரம், காலையில் அவசரமில்லாமல் டிபன், சாயங்காலம் சீட்டுக்கட்டு, நடுவில் ஒரு கல்யாணம். ஊட்டி, ஏற்காடு, மகாபலிபுரம் எல்லாம் யோசித்தோம். உள்நாட்டில் வைத்தால் "எங்களை மட்டும் விட்டுவிட்டாயே" என்று ஒவ்வொருவராகக் கேட்டு ஐம்பது ஐந்நூறாகிவிடும். கடல் தாண்டினால்தான் பட்டியல் நிற்கும் என்பது என் கணக்கு.

மனதில் இருப்பவை இந்தோனேசியாவின் பாலி, இலங்கையின் பென்தோட்டை, மலேசியாவின் பினாங்கு. அவர் நண்பர்கள் பத்துப் பதினைந்து பேர் சிங்கப்பூரிலிருந்து வருவார்கள், மற்றவர்கள் கோவை, ஈரோடு. என் ஆத்தாவுக்கு 78 வயது, முழங்கால் வலி, விமானம் ஏறியதே இல்லை, ஆனால் வந்தே தீருவேன் என்கிறார். அவர் போடும் ஒரே நிபந்தனை, அருமைக்காரர் (எங்கள் கொங்கு வழக்கத்தில் கல்யாணச் சீர்களை நடத்தி வைப்பவர்) வைத்துச் சீர் முறைப்படி நடக்க வேண்டும், தாலி ஒரு தடவைதான் ஏற வேண்டும். மாப்பிள்ளை வீட்டில் ஐயரும் ஹோமமும் கேட்கிறார்கள்.

கேள்விகள்: எந்த இடம்? பதிவை எங்கே செய்வது, அங்கேயா இங்கேயா? டிக்கெட் செலவு யார் தலையில்? இப்படிச் செய்தவர்கள் இருந்தால் கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள். "எதற்கு இதெல்லாம், ஊரிலேயே வையுங்கள்" என்ற பதில் வீட்டிலேயே நிறையக் கிடைக்கிறது.

பினாங்குவாசி:

வாழ்த்துகள் தங்கச்சி. எங்கள் ஊர் பெயர் பட்டியலில் கடைசியாக வந்திருக்கிறது, அதை முதலுக்குக் கொண்டுவர முயற்சி செய்கிறேன்.

உங்கள் தேவையில் கடல் சுலபமானது, எல்லா ஊரிலும் இருக்கிறது. மாலை, வாழை இலை, நாதஸ்வரம், ஐயர், மஞ்சள் கயிறு, மாவிலை, இதெல்லாம்தான் கஷ்டம். பாலியில் இவற்றை யாரோ ஒருவர் "ஏற்பாடு" செய்ய வேண்டும், அந்த ஏற்பாட்டுக்குத்தான் காசு போகும். பினாங்கின் ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் காலையில் போய் நின்றால் மாலை கட்டுகிறவரிடம் தமிழில் பேசி, ரோஜாவா சம்பங்கியா என்று பேரம் பேசலாம். அங்கே குவீன் ஸ்திரீட்டில் உள்ள மாரியம்மன் கோயில் 1833இல் எழுந்தது. இங்கே தமிழ்க் கல்யாணம் பல தலைமுறையாக நடக்கிறது, ஹோட்டல்காரர்களுக்கும் மேளம் என்றால் என்ன, பந்தி என்றால் என்ன என்று ஓரளவு தெரியும்.

கடற்கரை ஹோட்டல்கள் பெரும்பாலும் தீவின் வடக்கே, பத்து ஃபிரிங்கி என்ற இடத்தில். விமான நிலையம் தெற்கே பாயான் லெப்பாசில், நடுவே முக்கால் மணி நேரம், நெரிசலில் இன்னும் கூடும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை மழை குறைவு. செப்டம்பர், அக்டோபரில் வந்திருந்தால் வேண்டாம் என்றே சொல்லியிருப்பேன்.

ஆனால் தையில் ஒரு சிக்கல் உண்டு. தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலில் லட்சக்கணக்கில் கூட்டம், அந்த வாரம் ஐயரும் மேளக்காரரும் சிக்க மாட்டார்கள், சாலையும் அடைபடும். அதை ஒட்டியே பெரும்பாலும் சீனப் புத்தாண்டு வரும், ஹோட்டல் வாடகை ஏறும், பாதிக் கடைகள் மூடியிருக்கும். இரண்டு தேதியையும் காலண்டரில் அடித்துவிட்டு மிச்சமுள்ள முகூர்த்தத்தைப் பாருங்கள்.

கோட்டேஷனில் தொகைக்குப் பின்னால் இரண்டு கூட்டல் குறி போட்டிருப்பார்கள், இங்கே அதைப் பிளஸ் பிளஸ் என்போம். சர்வீஸ் சார்ஜ் 10 சதவீதமும் அரசு வரியும் தனி என்று அர்த்தம். அது போக வெளிநாட்டவருக்கு ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 10 வெள்ளி (ரிங்கிட்) சுற்றுலா வரி. இதையெல்லாம் சேர்த்து மொத்தமாக எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள்.

சாப்பாடு விஷயத்தில் முதல் நாளே கேளுங்கள். ஹலால் சான்றிதழ் உள்ள சமையலறை என்றால் வெளியிலிருந்து சாப்பாடு கொண்டுவர நிறைய ஹோட்டல்கள் விடமாட்டார்கள். வாழை இலைச் சாப்பாடு போடும் சமையல்காரரை நீங்கள் தனியாகப் பிடித்துவிட்டு அப்புறம் போய்க் கேட்டால் இரண்டு பக்கமும் வம்பு. சைவம் சாப்பிடுகிறவர்கள் பஃபேயில் சம்பலைத் தொடும் முன் கேட்டுக்கொள்ள வேண்டும், அதில் பெலாச்சான், அதாவது இறால் விழுது, இருக்கும்.

மொய்நோட்டு:

ஊரிலேயே வை என்று சொல்லக் கூடாது என்று முதலிலேயே கதவைச் சாத்திவிட்டது பாப்பா. சரி, சொல்லவில்லை. ஆனால் உங்கள் அப்பா பக்கத்தில் நின்று ஒரு விஷயம்.

அவர் முப்பது வருஷமாக ஊர் ஊராகப் போய் மொய் வைத்திருப்பார். நோட்டுப் போட்டு எழுதியும் வைத்திருப்பார். ஐம்பது பேரோடு கடல் தாண்டினால் அது எப்படித் திரும்பி வரும்? பணத்துக்காகச் சொல்லவில்லை (கொஞ்சம் பணத்துக்காகவும்தான்). மொய் வாங்கினவன் திருப்பிச் செய்ய ஒரு வாய்ப்பு கொடுக்காமல் விட்டால் அவனுக்கு அது ஒரு கடனாகவே நிற்கும், அடுத்த முறை உங்கள் வீட்டுப் படி ஏறக் கூசுவான். இதைச் சின்னப் பிள்ளைகள் கேலி பேசலாம், பங்காளிகளுக்குள் இது நிஜம்.

ஆகவே கல்யாணத்தை எங்கே வேண்டுமானாலும் வையுங்கள், திரும்பி வந்து ஊரில் ஒரு மதியச் சாப்பாடு போடுங்கள். மேடை வேண்டாம், ஆர்க்கெஸ்ட்ரா வேண்டாம், இலை போட்டுச் சாப்பாடு, வாசலில் மொய் எழுத ஒரு மேஜை, அவ்வளவுதான்.

சீர் விஷயத்தில் ஆத்தா சொல்வதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஊரில் நட்டு வைத்திருக்கும் நாட்டுக்கல்லைப் பினாங்குக்குத் தூக்கிப் போக முடியாது. மாப்பிள்ளை வீட்டில் நாட்டுக்கல் சீர், அவர் அக்காவோ தங்கையோ செய்யும் இணைச்சீர், இவற்றை ஊரிலேயே செய்துவிட்டு, அன்று ராத்திரி அல்லது அடுத்த நாள் விமானம் ஏறலாம். நடுவில் ஒரு நாள் விட்டால் ஒன்றும் ஆகாது, அந்தக் காலத்தில் மாட்டு வண்டியில் பொண்ணு வீட்டுக்குப் போகவே ஒரு நாள் ஆகியிருக்கும். அருமைக்காரருக்குப் பாஸ்போர்ட் இருக்கிறதா என்று கேட்டீர்களா? எங்கள் பக்கத்து அருமைக்காரரிடம் ஆதார் கார்டைத் தவிர எதுவும் கிடையாது.

பத்திர எழுத்தர்:

பதிவைப் பற்றிக் கேட்டதற்கு மட்டும் பதில். சுருக்கமாகச் சொன்னால், வெளிநாட்டில் பதிவு செய்ய அலையாதீர்கள்.

ஒவ்வொரு நாட்டிலும் தனி விதி. இந்தோனேசியாவில் சமயச் சடங்கு நடந்தால்தான் திருமணம் செல்லும், இருவரும் ஒரே சமயமாக இருக்க வேண்டும், தூதரகத்திலிருந்து தடையின்மைக் கடிதமும் வாங்க வேண்டும். நம் தூதரகத்தில் 1969ஆம் வருஷத்து வெளிநாட்டுத் திருமணச் சட்டப்படி செய்யலாம்தான், ஆனால் அதற்கு 30 நாள் அங்கே தங்கியிருக்க வேண்டும் என்று நிபந்தனை உண்டு. மூன்று நாள் கல்யாணத்துக்கு இது ஒத்துவராது. தாலி கட்டிவிட்டு வந்து இங்கே பதிவு செய்துகொள்ளலாம் என்றும் நினைக்க வேண்டாம். தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டம், 2009, தமிழ்நாட்டுக்குள் நடந்த கல்யாணங்களுக்குத்தான். சார்பதிவாளர் முதலில் கேட்பது எங்கே நடந்தது என்றுதான்.

நிறையப் பேர் சொல்லும் வழி, இங்கே ஒரு கோயிலில் தாலி கட்டி இந்து திருமணச் சட்டத்தில் பதிந்துவிட்டு, அங்கே போய் மறுபடி தாலி கட்டுவது. உங்கள் ஆத்தா அதற்கு ஒப்பமாட்டார். ஆகவே 1954ஆம் வருஷத்துச் சிறப்புத் திருமணச் சட்டம்தான் உங்களுக்குப் பொருத்தம். சடங்கே வேண்டாம். உங்கள் இருவரில் ஒருவர் அந்தப் பதிவு மாவட்டத்தில் 30 நாளாவது வசித்திருந்தால் போதும், அது நீங்கள். நோட்டீஸ் கொடுத்தால் 30 நாள் பலகையில் ஒட்டி வைப்பார்கள், ஆட்சேபம் வராவிட்டால் மூன்று சாட்சிகளோடு போய்க் கையெழுத்து. நோட்டீஸ் கொடுத்த தேதியிலிருந்து மூன்று மாதத்துக்குள் முடித்துவிட வேண்டும், தாண்டினால் மறுபடி முதலிலிருந்து. தை என்றால் மாப்பிள்ளை தீபாவளிக்கு வரும்போது நோட்டீஸ், பொங்கலுக்கு முன் வரும்போது கையெழுத்து. தாலி அங்கே ஒரே தடவை.

சிறப்புத் திருமணம் என்றால் சொத்துரிமை மாறிவிடும் என்று யாராவது பயமுறுத்துவார்கள். இருவரும் இந்துக்களாக இருந்தால் மாறாது, 1976இல் அதற்காகவே 21ஏ பிரிவைச் சேர்த்தார்கள். சிங்கப்பூரில் அவரோடு தங்க டிபென்டன்ட் பாஸுக்கு விண்ணப்பிக்கும்போது இந்தச் சான்றிதழ் கையில் இருப்பது வசதி. ஒரு எச்சரிக்கை: பதிவு முடிந்த கையோடு பாஸ்போர்ட்டில் பெயர் மாற்றப் போகாதீர்கள். டிக்கெட் பழைய பெயரில் இருக்கும்.

இன்னொன்று. இங்குள்ள டூர் ஏஜென்சியிடம் மொத்தப் பேக்கேஜாகப் பணம் கட்டினால் அதன் மேல் டிசிஎஸ், அதாவது முன்கூட்டியே வசூலிக்கும் வருமான வரி, பிடிப்பார்கள். வருமான வரிக் கணக்கில் திரும்ப வந்துவிடும், ஆனாலும் அத்தனை மாதம் பணம் முடங்கும். மாப்பிள்ளை சிங்கப்பூர் கணக்கிலிருந்து ஹோட்டலுக்கு நேராகக் கட்டினால் அந்தத் தொல்லையே இல்லை.

வெள்ளவத்தை:

எல்லாரும் பினாங்குக்கே கொடி பிடிக்கிறீர்கள், எங்கள் பக்கம் ஒருவரும் இல்லையோ?

ஆத்தாவின் முழங்காலை யோசித்தால் இலங்கைதான் கிட்ட. சென்னையிலிருந்து கொழும்புக்கு ஒன்றரை மணித்தியாலமும் இல்லை, ஏறி உட்கார்ந்து ஒரு தேத்தண்ணி குடிக்க இறங்கிவிடலாம். கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து பென்தோட்டைக்கு அதிவேகப் பாதையில் ஏறக்குறைய இரண்டு மணித்தியாலம். நேரமும் இந்திய நேரம்தான். தென்மேற்குக் கரையில் டிசம்பரிலிருந்து மார்ச் வரை கடல் அமைதியாக இருக்கும். அதே மாதங்களில் திருகோணமலை, பாசிக்குடா என்று யாராவது படம் காட்டினால் ஏமாறாதீர்கள், கிழக்குக் கரைக்கு அது வாடைக்காற்று மழையின் வால் பகுதி, அங்கே மே முதல் செப்டம்பர்தான்.

மணவறை, மேளம், ஐயர் எல்லாம் கொழும்பு வெள்ளவத்தையில் பிடிக்கலாம், பென்தோட்டைக்கு வாகனத்தில் வந்து கலியாணத்தை முடித்துவிட்டுப் பின்னேரம் திரும்பிவிடுவார்கள். ஆனால் எங்கள் ஐயர் செய்கிற முறை வேறு, கூறை, தாலிக்கொடி எல்லாம் எங்கள் வழக்கம். உங்கள் கொங்குச் சீர் அவருக்குத் தெரியாது. அதை முன்கூட்டியே உட்கார்ந்து பேச வேணும்.

போயா நாளை மட்டும் மறந்துவிடாதீர்கள். ஒவ்வொரு பௌர்ணமியும் எங்களுக்கு விடுமுறை, அன்றைக்கு மதுபானம் விற்க ஏலாது, இறைச்சிக் கடையும் பூட்டு. தெரியாமல் அந்தத் தேதியில் வரவேற்பு வைத்துவிட்டு ஹோட்டல்காரரோடு சண்டை பிடித்த ஒரு கூட்டத்தைப் பார்த்திருக்கிறேன். உங்கள் மாமாமார் எப்படியோ தெரியாது.

பதிவை இங்கேயே செய்ய விருப்பமென்றால் விசேட அனுமதிப்பத்திரம் எடுத்துப் பதிவாளரை ஹோட்டலுக்கே அழைக்கலாம், வெளிநாட்டுச் சோடிகள் பலர் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் பத்திர எழுத்தர் ஐயா சொன்னது உங்களுக்குச் சுகம்.

கோவைக்காரி:

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு எதிர்பார்க்கவில்லை. சிறப்புத் திருமணச் சட்டம் பற்றி அவரிடம் சொன்னேன், தீபாவளி லீவுக்கு இப்போதே எழுதிக் கொடுக்கிறேன் என்கிறார். அருமைக்காரரிடம் கேட்டதில் பாஸ்போர்ட் இல்லைதான் (மொய்நோட்டு அண்ணா, எப்படித்தான் கண்டுபிடித்தீர்களோ). சீரை ஊரில் முடித்துவிடலாம் என்று சொன்னதும் ஆத்தா யோசிக்கிறார், மறுக்கவில்லை, அதுவே பெரிய விஷயம்.

ஊரில் ஒரு மதியச் சாப்பாடு என்பதற்கு அப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது. நாங்கள் மேடை ஏற மாட்டோம் என்று எழுதி வாங்கிக்கொள்ளப் போகிறேன்.

பாலிக்குப் போய்ச் செய்தவர்கள் யாருமே இல்லையா? என் தோழிகள் எல்லாம் அதையே சொல்கிறார்கள், படங்களைப் பார்த்தால் எனக்கும் ஆசையாகத்தான் இருக்கிறது.

கடல்புறா:

நான் இருக்கிறேன். என் தம்பி கல்யாணம் பாலியில். மாப்பிள்ளை வீட்டு அக்கா என்ற முறையில் ஓடினது முழுக்க நான்தான்.

அழகில் குறை சொல்லவே முடியாது, பூ அலங்காரத்தில் அவர்கள் கையை யாரும் பிடிக்க முடியாது. அந்த ஊர் ஆட்கள் வெள்ளைச் சம்பங்கியும் தென்னங்குருத்தும் வைத்துக் கட்டின வாசலை எங்கள் அம்மா தொட்டுத் தொட்டுப் பார்த்தார். கஷ்டம் எல்லாம் ஏற்பாட்டாளரிடம்தான். முன்பணம் வாங்கும்வரை நிமிஷத்துக்கு ஒரு மெசேஜ், வாங்கின பிறகு இரண்டு நாளைக்கு ஒரு மெசேஜ். கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது நாங்கள் பார்த்து வைத்த இடம் இல்லை, "அதைவிட நல்ல" இடம் என்று வேறொன்றைக் காட்டினார்கள். ஒப்பந்தத்தில் இடத்தின் பெயரே இல்லை, "கடற்கரை வில்லா அல்லது அதற்கு இணையானது" என்றுதான் இருந்தது. நீங்கள் எந்த ஊருக்குப் போனாலும் இடத்தின் பெயர், புல்தரையா மணலா, மழை பெய்தால் எந்த ஹால், எத்தனை மணி வரை பாட்டு போடலாம், இந்த நாலும் எழுத்தில் இருக்கட்டும்.

தை மாதம் பாலியில் நல்ல மழைக்காலம், உங்களுக்கு இதுவே போதும் அதை வெட்ட. அப்புறம் எரிமலை. 2017 நவம்பரில் அகூங் மலை சாம்பல் கக்கி விமான நிலையத்தையே மூடினார்கள், 2024 நவம்பரில் ஃபுளோரஸ் தீவில் வெடித்ததற்கும் விமானங்கள் ரத்தாகின. மார்ச்சில் நியெப்பி என்று ஒரு நாள், ஊரே வெளியே வராது, விமான நிலையமும் 24 மணி நேரம் மூடல். எல்லா ஊரிலும் ஏதோ ஒன்று இருக்கும், 2025 நவம்பர் கடைசியில் டிட்வா புயல் இலங்கையைப் போட்ட போடு மறக்க முடியுமா. அதனால் கல்யாணத்துக்கு முந்தின நாள் இறங்குகிற மாதிரி டிக்கெட் போடாதீர்கள், நீங்கள் இருவரும் பெற்றோரும் இரண்டு நாள் முன்னாலேயே போய்விடுங்கள். தாலி, கூறைப்புடவை, பட்டு வேட்டி கையில் எடுத்துப் போகும் பையில். எங்கள் சித்தி புடவைப் பெட்டி முகூர்த்தம் முடிந்து மறுநாள்தான் வந்தது, பாவம், எல்லாப் படத்திலும் என் சுடிதாரில் இருப்பார்.

நகை பற்றி யாரும் சொல்லவில்லை. இங்கிருந்து நகை போட்டுக்கொண்டு போய்த் திரும்பி வரும்போது கஸ்டம்ஸில் கேட்டால் இது இங்கிருந்து கொண்டுபோனதுதான் என்று நிரூபிக்க வேண்டும். போகும்போதே விமான நிலையக் கஸ்டம்ஸ் கவுண்டரில் நகையைக் காட்டி ஏற்றுமதிச் சான்றிதழ் கேட்டு வாங்கலாம், பில், எடை, ஃபோட்டோ எல்லாம் கையில் வேண்டும், நேரமும் எடுக்கும். நாங்கள் தாலியும் ஒரு ஆரமும் மட்டும் தங்கம், மற்றதெல்லாம் கவரிங் என்று முடித்தோம். படத்தில் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

டிக்கெட் விஷயம். தாத்தா பாட்டிக்கும், முடியாதவர்கள் என்று நமக்கே தெரிந்த ஓரிருவருக்கும் நாங்கள் போட்டோம், மற்றவர்களுக்குத் தங்கலும் சாப்பாடும் எங்கள் பொறுப்பு, டிக்கெட் அவரவர் பொறுப்பு. இதை அழைக்கும்போதே வாயால் சொல்லிவிட வேண்டும், பத்திரிகையில் அச்சடிக்கக் கூடாது. "மொய் வேண்டாம், நீங்கள் வருவதே சீர்" என்று அம்மா சொன்ன விதத்தில் யாருக்கும் மனத்தாங்கல் வரவில்லை. ஒன்பது பேருக்கு மேல் ஒரே புக்கிங்கில் போட முடியாது, பத்துப் பேர் சேர்ந்தால் விமானக் கம்பெனியிடம் குரூப் கட்டணம் கேளுங்கள், கடைசி நேரத்தில் ஆள் மாறினால் பெயர் மாற்றும் வசதி சிலவற்றில் உண்டு. நம் வீடுகளில் கடைசி நேரத்தில் ஆள் மாறாமல் இருந்தால்தான் அதிசயம்.

மொய்நோட்டு:

கவரிங் என்று பொதுவில் எழுதிவிட்டீர்களே அம்மா, சம்பந்தி வீட்டார் படித்தால்?

கடல்புறா:

சம்பந்தி வீட்டம்மாதான் யோசனையே சொன்னார் அண்ணா.

பினாங்குவாசி:

இன்னும் சில விஷயம் விட்டுப்போயிற்று, இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

முகூர்த்த நேரம். மலேசிய நேரம் உங்களைவிட இரண்டரை மணி முன்னால், ஆனால் சூரியன் அப்படி முன்னால் வராது. ஜனவரியில் பினாங்கில் விடிய ஏழரை மணி ஆகும். ஊர் ஜோசியர் பஞ்சாங்கத்தைப் பார்த்து "காலை ஆறிலிருந்து ஏழரை" என்று எழுதிக் கொடுத்தால் அது இங்கே கும்மிருட்டு. ராகு காலமும் சூரிய உதயத்தை வைத்துத்தான், காலண்டரில் ஆறு மணி உதயத்துக்குப் போட்டிருப்பதெல்லாம் இங்கே ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் தள்ளிப் போகும். ஆகவே ஜோசியரிடம் ஊர் பெயரைச் சொல்லி இங்கத்து உதயத்துக்குக் கணிக்கச் சொல்லுங்கள். ஒன்பதிலிருந்து பத்தரைக்குள் கிடைத்தால் நல்லது, அதற்கு மேல் வெயில் ஏறி எல்லோருக்கும் வியர்வையில் பவுடர் வழியும்.

ஹோமம் ஹாலுக்குள் வேண்டாம். புகை உணர்கருவி கத்தும், சில இடத்தில் மேலேயிருந்து தண்ணீரும் கொட்டும். கூரை போட்ட திறந்த மண்டபமோ புல்தரையோ கேளுங்கள். குண்டத்துக்கு அடியில் செங்கலும் மணலும் பரப்பினால் தரை கெடாது என்று ஹோட்டலுக்குக் காட்ட வேண்டும், இங்குள்ள ஐயர்மார்களிடம் அதற்கு இரும்புத் தட்டே இருக்கிறது.

ஊரிலிருந்து தேங்காய், பழம், மாவிலை, பூ எதையும் மூட்டை கட்டாதீர்கள். செடி, காய் கனி கொண்டுவர இங்கே அனுமதி வேண்டும், இல்லாவிட்டால் விமான நிலையத்திலேயே பிடுங்கிக்கொள்வார்கள். இங்கே கிடைக்காதது எதுவும் இல்லை.

பயணம். சென்னை–பினாங்கு நேரடி விமானத்தை 2024 டிசம்பரில் இண்டிகோ ஆரம்பித்தது, உங்கள் தேதிக்கு ஓடுகிறதா என்று பாருங்கள். கோவையிலிருந்து சிங்கப்பூர் வந்து அங்கே மாறி ஏறுவது இன்னொரு வழி, மாப்பிள்ளை சிங்கப்பூரில் நின்று எல்லோரையும் மேய்த்துக்கொண்டு வரலாம், அங்கிருந்து ஒன்றரை மணி நேரம். ஒரே புக்கிங்கில் இரண்டு விமானமும் இருந்தால்தான் பெட்டி நேராக வரும், தனித்தனி டிக்கெட் என்றால் சிங்கப்பூர் குடிநுழைவுக்குள் போக வேண்டி வரும், அங்கே விசா கேட்பார்கள். ஆத்தாவுக்கு வீல்சேர் என்று டிக்கெட் போடும்போதே பதிவு செய்யுங்கள்.

விசா. இந்தியர்களுக்கு 2023 டிசம்பரிலிருந்து 30 நாள் வரை விசா கேட்பதில்லை. ஆனால் அறிவிப்பு 2026 டிசம்பர் 31 வரைக்கும்தான், உங்கள் தை அதைத் தாண்டுகிறது. நீட்டிப்பு வந்துவிட்டதா என்று பார்த்த பிறகே எல்லோருக்கும் டிக்கெட் போடுங்கள். இறங்குவதற்கு முந்தின மூன்று நாளுக்குள் இணையத்தில் வருகை அட்டை நிரப்ப வேண்டும், யாராவது ஒரு இளவட்டம் மடிக்கணினியோடு உட்கார்ந்து ஐம்பது பேருக்கும் அதைச் செய்துவிட்டால் நிம்மதி. பாஸ்போர்ட் ஆறு மாதத்துக்கு மேல் செல்லுபடியாக இருக்க வேண்டும், இதை இன்றைக்கே எல்லோரிடமும் கேளுங்கள்.

வெள்ளவத்தை:

சரி, தோற்றுவிட்டேன். ஐயருக்கு இரும்புத் தட்டு வரைக்கும் வைத்திருக்கிற ஊரோடு போட்டி போட ஏலாது. தேனிலவுக்காவது இந்தப் பக்கம் வாருங்கள்.

கோவைக்காரி:

தேனிலவுக்குக் கட்டாயம் அக்கா. (அக்காவா அண்ணாவா, தெரியவில்லை, மன்னிக்கவும்.)

இப்போதைக்கு இப்படி: தீபாவளிக்கு நோட்டீஸ், பொங்கலுக்கு முன் கையெழுத்து, சீர் ஊரில், தாலி பினாங்கில், திரும்பி வந்து அப்பாவின் மதியச் சாப்பாடு. பாலி என்று அடம்பிடித்த தோழிகளிடம் தை மாத மழையைச் சொன்னேன், அடங்கிவிட்டார்கள். நேற்று குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் பாஸ்போர்ட் தேதி கேட்டேன், பதினொரு பேருடையது காலாவதி, பெரியப்பாவுடையது எங்கே என்றே தெரியவில்லை. அந்த வேலை ஆரம்பித்தாயிற்று.

ஆவணியில் அவர் சிங்கப்பூரிலிருந்து ஒரு சனி ஞாயிறு பினாங்கு போய் ஹோட்டல்களைப் பார்க்கிறார். நேரில் எதைப் பார்க்கச் சொல்லட்டும்?

பினாங்குவாசி:

அறையிலிருந்து முகூர்த்தம் நடக்கும் இடத்துக்கு அவரையே நடந்து பார்க்கச் சொல்லுங்கள், எத்தனை படி என்று எண்ணிக்கொண்டு. மணலில் வீல்சேர் ஓடாது, கல் பாவிய பாதை எதுவரை போகிறது என்று பார்க்க வேண்டும். காலை ஒன்பது மணிக்கு அங்கே நிழல் எந்தப் பக்கம் விழுகிறது, அதையும். பக்கத்தில் கழிவறை எவ்வளவு தூரம். அப்புறம் ஹோட்டல் இட்லி ஒன்று சாப்பிட்டுப் பார்க்கட்டும், ரொம்ப மோசமாக இருந்தால் சொல்லுங்கள், டிபனுக்கு மட்டும் வெளியே ஆள் விட அவர்களிடம் பேசிப் பார்க்கலாம்.